ஓடாத காருக்கு எதுக்கு சார் இன்ஷூரன்ஸ்?

2014-ல் அண்ணன் மஸ்கட் போகும்போது என்னிடம் மூன்று பொறுப்புகளை ஒப்படைத்தான். அம்மா, காஸ் புத்தகம், ஆல்ட்டோ கார். முதல் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. (தெரியும் என்று லைசென்ஸ் சொல்கிறது.) அதனால் கார் வேளச்சேரி ஃபிளாட்டின் கீழே, தூணுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில், சாம்பல் நிறக் கவர் போர்த்திக்கொண்டு தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை கவரைத் தூக்கி, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் உறுமவிட்டு, மறுபடி போர்த்திவிடுவேன். அடியில் ஒரு பூனைக் குடும்பம் வாடகை தராமல் குடியிருந்தது.

2015 செப்டம்பரில் ஏஜென்ட் போன் செய்தார். "பதினாலாம் தேதி பாலிசி முடியுது சார். நாலாயிரத்துச் சொச்சம் வரும்."

"ஓடாத வண்டிக்கு எதுக்கு சார் இன்ஷூரன்ஸ்? அண்ணன் வரட்டும், பாத்துக்கலாம்."

போனை வைத்ததும் நாலாயிரம் சம்பாதித்த சந்தோஷம். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப ஒரு மிக்ஸி வாங்கேன்" என்றாள்.

டிசம்பர் 1-ம் தேதி மழையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி மாடிப்படியில் நின்று டார்ச் அடித்தபோது காரின் கூரை மட்டும் தெரிந்தது. பூனைகள் எங்களுக்கு முன்பே மொட்டைமாடிக்குப் போய்விட்டன.

தண்ணீர் வடிந்தபின் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அதற்குள் அபார்ட்மென்ட்டின் ஆண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு கார் நின்றுவிட்டால் எல்லோரும் மெக்கானிக். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார் செக்ரட்டரி. மூன்றாம் மாடிக்காரர் எங்கிருந்தோ பாட்டரி கொண்டுவந்தார். சாவியைத் திருகினேன். 'டடக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நிஜ மெக்கானிக் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "சாவியத் திருகின புண்ணியவான் யாரு சார்?"

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாதாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அவர் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டுக்கு, பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம்.

ஏஜென்ட்டைத் தேடிப் போனேன். நல்ல மனுஷன், 'அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. டீ வாங்கிக்கொடுத்துப் பாடம் எடுத்தார்.

"நிக்கிற வண்டிக்கு என்னல்லாம் வரும், சொல்லுங்க? திருட்டு, தீ, வெள்ளம், புயல்ல மரம் விழறது, கலவரத்துல கல்லு. இதுல எதுக்காவது வண்டி ஓடணுமா சார்?"

எனக்கு டீ இறங்கவில்லை.

சட்டம் கட்டாயமாகக் கேட்பது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். அதுவும் பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்தினால். சொந்த வீட்டு ஷெட்டுக்குள் பூட்டி வைத்த காரை போலீஸ் தேடி வராது. ஆனால் சர்வீஸுக்கு என்று கேட்டைத் தாண்டினால் அது பொது இடம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே இரண்டாயிரம் ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், இரண்டும்கூட உண்டு. 2022-ல் நிர்ணயித்தபடி ஆயிரம் சி.சி.க்குள் உள்ள காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய்தான்.

சிக்கல் என்னவென்றால், அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். நம் காரால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்குத்தான் அது. நம் கார் முழுகினால் ஒரு பைசா வராது. அதற்கு 'ஓன் டேமேஜ்' வேண்டும். நிற்கிற காருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். இதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள், நான் உள்பட.

"அது இருந்திருந்தா முழுப் பணமும் வந்திருக்குமா?"

"சாவியைத் திருகாம இருந்திருந்தா. திருகினதால இன்ஜின் போனா, அது வெள்ளத்தால வந்த சேதம் இல்ல, உங்களால வந்ததுன்னு கம்பெனி சொல்லும். அதுக்குன்னு 'இன்ஜின் புரொடக்ட்' தனியா வாங்கணும்."

ஆக, பாலிசி இருந்திருந்தாலும் அதையும் நானே கெடுத்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் போகாது. அண்ணனுக்கு அது 50 சதவிகிதம் சேர்ந்திருந்தது. வெள்ளம் வந்தது 78-வது நாள். போனஸ் உயிரோடு இருந்தது, கார்தான் இல்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் நடக்கும் எதற்கும் கம்பெனி பொறுப்பில்லை. பலர் இந்த 90 நாளைச் சலுகை நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாடு போகிறவர்கள் காரை விற்றுவிட்டுப் போனால், அந்த போனஸுக்குக் கம்பெனியிடம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்துக்குள் வேறு கார் வாங்கினால் உதவும். அதிகம் ஓடாத காருக்கு, கிலோமீட்டர் குறைவென்றால் ஓன் டேமேஜ் பிரீமியமும் குறைவு என்கிற பாலிசிக்கு 2022-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்திருக்கிறது. காரை மாசக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். வாயால் ஏஜென்ட்டிடம் சொல்வது கணக்கில் வராது.

லைன் சரியாகி அண்ணன் மஸ்கட்டிலிருந்து பேசினான். முதலில் அம்மாவைக் கேட்டான். அப்புறம் என்னை. அப்புறம் பக்கத்து வீட்டுத் தாத்தாவை. காரைக் கேட்கவே இல்லை. நானே சொன்னேன்.

"போனா போகுதுடா. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல? அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே, பாத்துக்கலாம்."

'லைன் கேக்கலண்ணா' என்று வைத்துவிட்டேன். மறுபடி பேச இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பணத்தைத் தவணையில் கொடுத்து முடிக்க இரண்டு வருஷம்.

இப்போதும் அவன் மஸ்கட்டில்தான். வேறு கார், அதே தூண். செப்டம்பர் மாசக் காலண்டரில் பாலிசித் தேதியைச் சுற்றி அம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். பக்கத்தில் என் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு.