சூடேறிய கம்பியில் எலெக்ட்ரான்கள்

மும்பையில் காட்கோபர் நிலைய மேடையில் நிற்பவரின் தலைக்கு மேலே மின் இரயிலுக்கான செம்புக் கம்பி செல்கிறது. கோடை வெயிலில் அக்கம்பி நீளும் என்பதை மாணாக்கர் யாவரும் அறிவர். அதே வெயிலில் அதன் மின்தடையும் உயர்கிறது என்பதை அறிந்தோர் குறைவு. ஏன் உயர்கிறது என்று சரியாகக் கூறுவோர் அதனினும் குறைவு.

வெப்பத்தால் அணுக்கள் பருத்து, எலெக்ட்ரான்களின் வழியை அடைத்துவிடுகின்றன என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது, ஆனால் பிழை. செம்பிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை சூட்டினால் குறைவதில்லை. மின்னோட்டத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்கள் எத்திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அவ்வேகமும் அநேகமாக மாறுவதில்லை. மின்னழுத்தம் இவ்வோட்டத்தோடு சேர்ப்பது மிகச் சிறிய நகர்வு மட்டுமே. வீட்டுக் கம்பிகளில் அது வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவது அரிது.

மாறுவது அணுக்களின் அதிர்வு. ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் எலெக்ட்ரான் அலை தடையின்றிச் செல்லும் என்று பெலிக்ஸ் பிளாக் 1928-இல் காட்டினார். அவ்வொழுங்கு குலையும்போதுதான் அது சிதறுகிறது. சூடு ஏற ஏற அதிர்வு மிகுந்து, ஒரு சிதறலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் சுருங்குகிறது, நகர்வு தளர்கிறது. செம்பின் மின்தடை 20 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் செல்கையில் ஏறத்தாழ 21 சதவீதம் கூடுகிறது. இது புறக்கணிக்கத்தக்க அளவன்று.

1925 பிப்ரவரி 3-இல் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவரை ஓடிய நாட்டின் முதல் மின் இரயில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கியது. மும்பைப் புறநகர்ப் பாதைகள் பிற்காலத்தில், 2016-க்குள், 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறின. அதே திறனுக்கு வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காயிற்று. கம்பி தன் மின்னோட்டத்தாலேயே சூடாவதும் அதற்கேற்ப மிகக் குறைந்தது. மின்தடைப் பாடத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை மும்பை ஆசிரியர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சோதனைக்கு ஒரு பழைய குண்டு பல்பு போதும். 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 880 ஓமுக்குச் சற்று மேல் என்பது கணக்கில் கிடைக்கும். அணைத்துக் கழற்றி, நன்கு ஆறியபின் மீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, விளக்கத்தைப் பிறகு தொடங்கலாம். களப்பணியாளர் கேபிளின் மின்தடையை அளக்கும்போது, அருகிலேயே வெப்பநிலையையும் குறித்து, 20 டிகிரிக்குக் கணக்கிட்டு எழுதுவது நன்று. இல்லையேல் மார்கழி அளவையும் வைகாசி அளவையும் ஒப்பிட்டு, பழுதில்லாத கேபிளைத் தோண்டி எடுக்க நேரும்.