டாமிக்கு இந்த வருஷமும் ஊசியா?

பைக்குக்கு ஆயில் மாற்றும் தேதி ஞாபகம் இருக்கிறது. செல்போன் ரீசார்ஜ் என்றைக்கு முடியும் என்பது இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் தேதியை நடுராத்திரி எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லிவிடுகிறார்கள். 'உங்க டாமிக்கு அடுத்த ஊசி எப்போ ஸார்?' என்று கேட்டால் மட்டும் மேலே ஓடும் ஃபேனைப் பார்க்கிறார்கள்.

முதல் வருஷம் இப்படி இல்லை. குட்டி வந்த புதிதில் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு, டவலில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்து அழைத்துப் போனவர்தான் இவர். டாக்டர் கொடுத்த நோட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வாங்கி, பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினார். மூன்றாவது வருஷம் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று டாமிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கேட்டால் இரண்டு பதில் ரெடி. ஒன்று, 'அது வீட்டை விட்டே வெளியே போறதில்லையே, எதுக்கு ஸார் ஊசி?' இரண்டு, 'வருஷா வருஷம் குத்தறதெல்லாம் டாக்டருங்க பிஸினஸ்!'

இரண்டாவது பதிலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முதலாவதில் சுத்தமாக இல்லை.

நியாயத்தை முதலில் பார்த்துவிடலாம். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ் என்று மூன்று நோய்களுக்கு ஒரே சிரிஞ்சில் மருந்து வருகிறது. குட்டிப் பருவத்தில் தவணை தவறாமல் போட்டு, ஒரு வயசு வாக்கில் பூஸ்டரும் போட்ட நாய்க்கு இந்த மூன்றுக்கும் எதிர்ப்பு சக்தி வருஷக்கணக்கில் நிற்கிறது. சிறு பிராணி வைத்தியர்களின் உலக சங்கமே, வளர்ந்த நாய்க்கு இவற்றை மூன்று வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்று வழிகாட்டுகிறது. ஆகவே, 'டாக்டர், இந்த மூணும் இந்த வருஷம் அவசியமா?' என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் கேட்பதற்கு அந்த நோட்டு வேண்டும். அதுதான் இல்லையே!

குட்டிக்கு மட்டும் ஏன் மூன்று நாலு தடவை? தவணை முறையில் சக்தி ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சமாசாரம் வேறு. பிறந்த குட்டிக்கு அம்மாவின் சீம்பாலில் எதிர்ப்பு சக்தி வருகிறது. அது உள்ளே இருக்கும் வரை, நாம் போடும் மருந்தையும் எதிரி என்று நினைத்து அடித்துத் துரத்திவிடும். அம்மா கொடுத்தது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறையாக, பதினாறு வாரம் தாண்டும் வரை போடுகிறார்கள். ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு. 'ரெண்டு போட்டாச்சு, போதும்' என்று நிறுத்துகிறவர், பிடித்துக்கொள்ள வேண்டிய அந்த ஒன்றையே விட்டுவிடக் கூடும்.

இனி, வெளியே போகாத நாய். பார்வோ வைரஸ் 1978ல்தான் உலகத்துக்கு அறிமுகம் ஆயிற்று. இரண்டே வருஷத்தில் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. விசா இல்லாமல்! மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புக்கெல்லாம் மசியாது. நாய் வெளியே போகாது, சரி. உங்கள் செருப்பு போகிறதே? டீக்கடை வாசலில் மிதித்ததை வாசற்படி வரை கொண்டுவந்து கொடுப்பது நீங்கள்தான். குட்டிக்கு ரத்தமாக வாந்தி பேதி ஆரம்பித்தால், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுவதும் உண்டு. டிரிப் ஏற்றிக் காப்பாற்ற ஆகும் செலவில் பத்து நாய்க்கு ஊசி போடலாம்.

எலிக் காய்ச்சல் இன்னொரு ரகம். எலியின் சிறுநீர் மழைத் தண்ணீரில் கலந்து வருகிறது. டிசம்பர் மாசம் வேளச்சேரி பக்கம் நாயைக் காலார நடத்திப் போகிறவருக்கு அதிகம் விளக்க வேண்டாம். இந்த ஊசியின் பலம் ஒரு வருஷம்தான். அதனால் இது மட்டும் வருஷா வருஷம் வேண்டும். நாய்க்கு வந்தால் நமக்கும் வரலாம் என்பது உபரித் தகவல்.

ரேபிஸ் பற்றிப் பேரமே கிடையாது.

அந்தக் காலத்தில் வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தாத்தா பயமுறுத்துவார். ஆட்டு மூளையிலிருந்து தயாரான மருந்து அது. கடியை விட ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிந்தவர்கள் உண்டு. இப்போது அது இல்லை. கையில் போடும் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நோயின் குணம் மாறவில்லை. அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது. 1885ல் பாஸ்டர் ஒரு பையனுக்கு முதல் ஊசி போட்டதிலிருந்து இன்று வரை, நோய் முற்றிப் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இந்தியாவில் இன்னும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். மனிதர்களுக்கு இது வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் வழியாக.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய் பற்றி உத்தரவு போட்டபோது ஆபீஸ் கேண்டீன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, டபரா செட் பறக்காத குறை. இரண்டு கட்சியிலும் எத்தனை பேர் சொந்த நாய்க்கு ஊசி போட்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சினிமாவில் வருவது போல ரேபிஸ் நாய் எப்போதும் நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் என்று நினைக்காதீர்கள். ஊமை ரகம் ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தாடை தொங்கும், எச்சில் வழியும், சாப்பாடு இறங்காது. 'ஐயோ பாவம், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு' என்று வீட்டுக்காரர் பாசத்தோடு வாய்க்குள் கையை விடுவார். விரலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். நாய் கடிக்கவே வேண்டாம்.

குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகு முதல் ரேபிஸ் ஊசி, ஒரு வருஷத்தில் இன்னொன்று, அதற்குப் பிறகு மருந்தின் லேபிளும் டாக்டரும் சொல்கிறபடி. நம் ஊரில் வழக்கம் வருஷத்துக்கு ஒன்று. இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசு. அதுவும் இல்லையென்றால் செப்டம்பர் 28, பாஸ்டர் இறந்த நாள், உலக ரேபிஸ் தினம். அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடக்கும். சென்னையில் மாநகராட்சி லைசென்ஸ் வாங்கவும் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள். இத்தனையும் செய்த பிறகும் உங்கள் நாய் யாரையாவது கடித்தால், 'ஊசி போட்ட நாய்தான்' என்று சொல்லி அனுப்பாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பூச்சி மருந்து விஷயத்தில் நாய் நம்மை விடப் புத்திசாலி. மாத்திரையை இட்லிக்குள் ஒளித்து வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கி வைக்கும். ஆனாலும் விடக் கூடாது. உருண்டைப் புழு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் போய்விடுகிறது. அதனால் இரண்டு வாரக் குட்டியிலிருந்தே மருந்து ஆரம்பம். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. முடியாதவர்கள் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, தேவைப்பட்டால் மட்டும் போடலாம். அதன் முட்டைகள் மண்ணில் கிடந்து, அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள் போய், புழு கண் வரை போய்ப் பார்வையைக் கெடுத்த கேஸ்கள் உண்டு. அபூர்வம்தான். நம் குழந்தைக்கு என்றால் அபூர்வம் என்ற வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது.

கடைசியாக உண்ணி. குளிர் தேசத்தில் சில மாசமாவது அடங்கியிருக்கும். நம் ஊர் வெயிலில் பன்னிரண்டு மாசமும் சீசன். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுச் சுவர் விரிசலில் ஒளித்து வைக்கிறது. நாய் மேலே நீங்கள் பொறுக்கி எடுக்கும் நாலு, சும்மா விளம்பரம். கம்பெனி சுவருக்குள் இருக்கிறது. அது கடத்தும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ப்ளேட்லெட்டைக் குறைத்து, ஒரு நாள் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் பல பேருக்குத் தெரிகிறது. மண்ணெண்ணெய் தடவுகிற மாமாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் உங்கள் கையில் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் வெயிலில் நில்லுங்கள்.

பூனை வளர்ப்பவர்கள் 'எங்களை மறந்துட்டீங்களே' என்று கடிதம் எழுதுவதற்கு முன்: பூனைக்கும் ரேபிஸ் வரும், ஊசி உண்டு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மட்டும் மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்குத் தடவாதீர்கள். பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து. ஊசி போடுவதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. பூனையைக் கூடைக்குள் போடுங்கள். போட்டு, மூடியையும் மூடிவிட்டால், பாக்கி டாக்டர் பாடு.