சொல்லாமல் விடும் காணொலிகள்

நெய்வேலி நகரியத்தில் மகன் குடும்பத்துடன் வசிக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பெயர்த்திக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் இடையே சிறிய இடைவெளி உண்டு. கிளிப் போடுவதைப் பொதுத்தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தோம். அவளோ யூடியூப் காணொலி ஒன்றைப் பார்த்து, அந்த இரு பற்களையும் சேர்த்துச் சிறு ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டாள். சில நாள்களில் இடைவெளி குறைந்தது, ஈறு வீங்கியது, வளையத்தைக் காணவில்லை.

அது ஈறுக்குள் ஏறியிருந்ததைக் கண்டறிந்து பல் மருத்துவர் அகற்றினார். பல்லின் வேர் நுனியை நோக்கிக் கூம்பாகக் குறுகுவதால் வளையம் தானாகவே உள்ளே நழுவும். பல்லைத் தாடையுடன் பிணைக்கும் நார்களையும் எலும்பையும் சிதைக்கும். கவனிக்காமல் விட்டால் நோயில்லாத பல்லையே இழக்க நேரிடும் என்று அவர் விளக்கினார். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் இந்த வளையப் பழக்கத்துக்கு எதிராகப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. நல்வாய்ப்பாக, பெயர்த்தியின் தாடை எலும்புக்குச் சேதமில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். காணொலியில் பொய் ஏதும் இல்லையே, இடைவெளி குறையும் என்றார்கள், குறைந்ததே என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்தக் காணொலியின் குற்றம் அது சொன்னதில் இல்லை. சொல்லாமல் விட்டதில் இருக்கிறது.

இது ஒரு காணொலியின் குறை மட்டுமன்று. பல் சீரமைப்பு குறித்த யூடியூப் காணொலிகளை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டிலேயே 'ஆங்கிள் ஆர்த்தடான்டிஸ்ட்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. காணொலிகள் ஏராளம், ஆனால் அவற்றில் உள்ள தகவல் சொற்பம் என்பதே அதன் முடிவு. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும் ஏறத்தாழ இதையே கூறுகின்றன. இவ்வகை ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் 'டிஸ்கர்ன்' என்ற அளவுகோலை 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதிலுள்ள 16 கேள்விகளில் பல, விடுபடல்களைப் பற்றியவை. சிகிச்சையின் ஆபத்துகள் கூறப்பட்டுள்ளனவா? சிகிச்சையே செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழிகள் உண்டா? தகவலின் ஆதாரம் எது?

பல் சீரமைப்பில் இக்கேள்விகளுக்கு ஆழ்ந்த பொருளுண்டு. மெல்லிய, தொடர்ச்சியான விசையால் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து, மறுபக்கத்தில் புதிதாக வளர்ந்தால்தான் பல் நகரும். எனவேதான் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீள்கிறது. கிளிப்பைச் சுற்றித் தூய்மை குறைந்தால் எனாமலில் வெண்புள்ளிகள் விழும். சிலருக்கு வேர் சற்றுக் குட்டையாகலாம். கிளிப்பைக் கழற்றிய பின் பல்லை நிலைநிறுத்தும் ரிட்டெய்னர் அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும். சிகிச்சைக்கு முந்தைய, பிந்தைய புகைப்படங்களை அடுத்தடுத்துக் காட்டும் அரை நிமிடக் காணொலியில் இவற்றுக்கு இடமில்லை.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு வியப்பில்லை. வாங்கிப் பயன்படுத்திய பின்னரும் நுகர்வோரால் தரத்தை எளிதில் கணிக்க இயலாத சேவைகளைப் பற்றி மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973-இல் எழுதினர். அவர்களது கட்டுரையின் தலைப்பே 'தடையற்ற போட்டியும் மோசடியின் உகந்த அளவும்' என்பதாகும். மருத்துவம் அத்தகைய சேவை. மருத்துவத் தகவலும் அப்படியே. இச்சந்தையில் பார்வை எண்ணிக்கை, தரத்தின் அடையாளமாகத் தவறாகக் கொள்ளப்படுகிறது. ஆபத்தையும் காலத்தையும் விரிவாகச் சொல்லும் மருத்துவர் பார்வையாளரை இழக்கிறார், சொல்லாதவர் பெறுகிறார்.

சட்டம் இதை முற்றிலும் அறியாததன்று. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதற்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். உடல்நலம் குறித்துப் பேசும் மருத்துவர்கள் தங்கள் தகுதியை வெளிப்படுத்த வேண்டும், பிரபலங்கள் தங்கள் கருத்து மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று என்று அறிவிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நெறிமுறையும் வகுத்தது. ஆயினும் இவை பெரிதும் விளம்பரங்களை நோக்கியவை. எந்தப் பொருளையும் விற்காமல், ஆர்வத்தில் ரப்பர் வளையத்தை மாட்டிக் காட்டும் இளைஞரைத் தண்டிப்பது எளிதன்று. அது தீர்வும் ஆகாது.

ஒருவர் பெறுவதால் மற்றவருக்குக் குறையாத பண்டத்தைப் பொதுப் பண்டம் என்போம். முழுமையான மருத்துவத் தகவல் அத்தகையது. அதைச் சந்தை போதிய அளவில் தராது என்பதால் அரசு தர வேண்டும். சென்னையிலும், எங்கள் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்திலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஐந்தாண்டுப் பட்டப் படிப்புக்குப் பிறகு மூன்றாண்டு பல் சீரமைப்பைச் சிறப்பாகப் பயில்வோர் அத்துறையை அறிந்தவர்கள். ஆபத்து, காலம், செலவு, மாற்று வழி, சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவற்றுக்கு எளிய தமிழில் விடை சொல்லும் பத்துக் காணொலிகளை அவர்களைக் கொண்டு வெளியிட மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் பெருஞ்செலவு ஆகாது. பள்ளிகளில் நடைபெறும் பல் பரிசோதனை முகாம்களில் அவற்றைத் திரையிடலாம்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளைகள் பார்க்கும் காணொலியை உடனமர்ந்து பார்த்து, இதில் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று அவர்களையே கேட்கலாம். பெயர்த்தி வளையத்தை மாட்டிக்கொள்ளும் முன் நான் அதைக் கேட்கவில்லை.