போஸ்டர் ஒட்டினால் போலீஸ் திருந்துமா?

போர் முடிந்த நாடுகளில் வெளிநாட்டு நிதி வந்து இறங்கியதும் ஒரு வேலைக்கு விளம்பரம் வரும். போலீஸ் சீர்திருத்தத் திட்டத்துக்குத் தகவல் தொடர்பு மேலாளர் தேவை. சம்பளம் டாலரில். வேலை என்னவென்று பார்த்தால்... புது லோகோ, புது வாசகம், போஸ்டர், டி-ஷர்ட், குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும் காவலரின் புகைப்படம், நிதி கொடுத்த நாட்டின் தூதர் வந்து ரிப்பன் வெட்டும் விழா. வருடக் கடைசியில் ஒரு கருத்துக்கணிப்பு. போலீஸ் மீது உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? முன்பின் தெரியாத ஒருவர் நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டால், நேற்றுவரை ஸ்டேஷனில் அடி வாங்கியவன் என்ன சொல்வான்? இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது என்பான். சதவீதம் ஏறும். ரிப்போர்ட் போகும். அடுத்த தவணைப் பணம் வரும்.

இதற்குப் பெயர் தகவல் தொடர்பு இல்லை. வெள்ளையடிப்பது.

போருக்குப் பிறகு போலீஸ் மீது மக்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் அதற்குக் காரணம் மக்களிடம் தகவல் குறைவாக இருப்பது அல்ல. தகவல் நிறையவே இருக்கிறது. யார் வீட்டுக் கதவை எந்த இரவில் உடைத்தார்கள், கூட்டிப் போனவன் ஏன் திரும்பவில்லை, புகார் கொடுக்கப் போனவளை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் தெருவுக்கே தெரியும். போலீஸ்தான் அதை ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே அந்த மேலாளரின் உண்மையான வேலை ஒன்றே ஒன்றுதான். போலீஸைப் பற்றிய கெட்ட செய்தி போலீஸை மீறி வெளியே வர வழி செய்வது. மற்றதெல்லாம் புண்ணுக்குப் புனுகு.

பெரிய வார்த்தையாகத் தெரிகிறதா? வட அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள்.

முப்பது வருடச் சண்டை. 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே இருந்த போலீஸின் பெயர் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி. மக்கள்தொகையில் கத்தோலிக்கர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல். போலீஸிலோ சுமார் 8 சதவீதம். ஒரு தரப்புக்கு அது "நம்ம போலீஸ்", மறு தரப்புக்கு அது எதிரியின் ராணுவம். 1998 ஏப்ரலில் புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, போலீஸை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதிலேயே பதில் எழுத முடியவில்லை. தனியாக ஒரு ஆணையம் அமைத்தார்கள். தலைவர் கிறிஸ் பேட்டன். அதற்கு முந்தைய வருடம்தான் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்த கடைசி பிரிட்டிஷ் ஆளுநர்.

பேட்டன் முதலில் லோகோ வரையவில்லை. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார். எல்லா மாவட்டங்களிலும். 10,000 பேருக்கு மேல் வந்தார்கள், 1,000 பேருக்கு மேல் எழுந்து பேசினார்கள். போலீஸ்காரக் கணவனைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர்கள் பேசினார்கள். போலீஸால் பிள்ளையை இழந்ததாகச் சொன்னவர்களும் பேசினார்கள். ஆணையம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. (இன்றைய கன்சல்டன்ட்கள் இதை "பங்குதாரர் கலந்தாலோசனை" என்று ஒரு ஓட்டலில் முப்பது பேரை வைத்து, மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுவார்கள்.) 1999 செப்டம்பரில் வந்த அறிக்கையில் 175 பரிந்துரைகள். பெயரை மாற்று, சின்னத்தை மாற்று, ஸ்டேஷன் மேல் பிரிட்டிஷ் கொடி பறக்கக்கூடாது, பத்து வருடத்துக்குப் பாதிக்குப் பாதி கத்தோலிக்கரை எடு, பொதுமக்கள் முன் போலீஸ் தலைவரைக் கேள்வி கேட்கும் ஒரு வாரியம் அமை...

பெயர் மாற்றத்தில்தான் பெரிய கலவரம். அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பெயரில் சீருடை போட்ட 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களின் குடும்பங்களுக்குப் பெயரை எடுப்பது கல்லறையை இடிப்பது மாதிரி. அந்தப் படைக்கே ஜார்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது 1999 நவம்பரில், அதாவது பேட்டன் அறிக்கை வந்து இரண்டே மாதத்தில். இந்த வலியை எந்த விளம்பர வாசகமும் ஆற்றாது. ஆற்றவும் இல்லை. 2001 நவம்பர் 4 அன்று பெயர் மாறியது, வட அயர்லாந்து போலீஸ் சேவை ஆனது. புதுச் சின்னத்துக்கு மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அதை முடிவு செய்தது புதிதாக அமைந்த போலீஸ் வாரியம். யாழ், கிரீடம், ஷாம்ராக் இலை, தராசு, தீபம், ஆலிவ் கிளை என்று எல்லாருக்கும் ஏதோ ஒன்று. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் யூனியன்வாத அரசியல்வாதிகளும் தேசியவாத அரசியல்வாதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருமனதாக ஒத்துக்கொண்ட சின்னம் அது. படம் முக்கியமில்லை, மேசைதான் முக்கியம். இந்த வித்தியாசம் புரியாதவர்கள்தான் மற்ற நாடுகளுக்குப் போய் முதல் மாதமே லோகோ போட்டி வைக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் ஆரம்பம்தான். விஷயம் இனிமேல் வருகிறது.

2000 நவம்பரில் போலீஸ் குறைகேள் அதிகாரி அலுவலகம் திறந்தது. அதன் முதல் தலைவர் நுவாலா ஓலோன். போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கும் வழக்கம் அதோடு முடிந்தது. ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 2001 டிசம்பரில் ஓமா குண்டுவெடிப்பு பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 1998 ஆகஸ்ட் 15 அன்று 29 பேரைக் கொன்ற குண்டு அது. அந்தத் தேதியில் ஓமாவில் போலீஸ் மீது தாக்குதல் நடக்கும் என்று பதினோரு நாள் முன்பே ஒரு அநாமதேய போன் வந்திருந்தது, அந்தத் தகவலைக் கையாண்டதில் கோளாறு, பிறகு நடந்த விசாரணையிலும் கோளாறு என்று எழுதினார். போலீஸ் தலைவர் ரோனி ஃபிளானகனின் தலைமையையே குறை சொன்னார். அவர் கொதித்துப்போய், இந்த அறிக்கை நியாயமானது என்று நம்பினால் ராஜினாமா மட்டுமில்லை, எல்லார் முன்னிலும் தற்கொலையே செய்துகொள்வேன் என்கிற அளவுக்குப் பேசினார். புதுப் பெயர் வைத்து ஐந்தே வாரம்! எந்தத் தகவல் தொடர்பு மேலாளரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். "அம்மா, ஒரு ஆறு மாதம் தள்ளிப் போடுங்களேன்" என்று காலில் விழுந்திருப்பார்.

ஓலோன் தள்ளிப்போடவில்லை. 2007 ஜனவரி 22 அன்று அதைவிடப் பெரிய குண்டைப் போட்டார். மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணை அது. வடக்கு பெல்ஃபாஸ்டில் ஒரு ஆயுதக் குழுவில் இருந்த ஆட்களைப் போலீஸின் சிறப்புப் பிரிவு உளவாளிகளாக வைத்துக் காசு கொடுத்தது. அவர்களுக்குக் கொலைகளில் பங்கு இருப்பது தெரிந்தும் காப்பாற்றியது. ஒரே ஒரு உளவாளிக்குப் போன தொகை மட்டும் சுமார் 80,000 பவுண்ட். பத்துக் கொலைகளோடு தொடர்பு. ஆவணங்கள் காணாமல் போயிருந்தன. அப்போது போலீஸ் தலைவராக இருந்தவர் ஹ்யூ ஓர்ட். அவர் குதிக்கவில்லை. அறிக்கையை ஏற்றுக்கொண்டு குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். ஆறு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, டப்ளினில் சின் ஃபெயின் கட்சியின் சிறப்பு மாநாடு. அவர்கள் முன்னிருந்த கேள்வி, இந்தப் போலீஸை ஆதரிப்பதா வேண்டாமா என்பதுதான். போலீஸைப் பற்றி அதுவரை வந்ததிலேயே மோசமான அறிக்கை அந்த வாரம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அப்படியிருந்தும் மிகப் பெரும்பான்மையோடு ஆதரிப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த வருடம் மே மாதம் அயன் பெய்ஸ்லியும் மார்ட்டின் மெக்கின்னஸும் ஒரே அரசில் உட்கார்ந்தார்கள்.

அறிக்கை வந்ததால்தான் ஆதரித்தார்கள் என்று சொன்னால் அது மிகை. அந்த முடிவுக்குப் பின்னால் வருடக்கணக்கான பேச்சுவார்த்தையும் அரசியல் கணக்கும் இருந்தன. ஆனால் ஒன்று நிச்சயம். கெட்ட செய்தி வந்தால் சமாதானம் உடைந்துவிடும், அதனால் "சரியான நேரம்" வரும்வரை மூடி வை என்பவர்களின் வாதம் அந்த ஆறு நாளில் செத்துப்போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காத ஒரு அமைப்பு இருக்கிறது என்பதே அந்த வாரத்தின் செய்தி.

எதிர்த் தரப்பு சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த காவலன் பழைய பாவத்துக்கு ஏன் தலைகுனிய வேண்டும், தினம் ஒரு குற்றச்சாட்டு வந்தால் யார் வேலைக்கு வருவார்கள் என்று கேட்கிறார்கள். வந்தார்கள். பாதிக்குப் பாதி சட்டம் முடிந்த 2011-இல் கத்தோலிக்கர் சுமார் 30 சதவீதம். அதைச் செய்தது போஸ்டர் இல்லை, சட்டம். அதே 2011 ஏப்ரலில், ஓமாவில் 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவரைக் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். கேலிக் விளையாட்டுச் சங்கக்காரர்களும் சக போலீஸ்காரர்களும் அவர் சவப்பெட்டியை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். போலீஸ்காரனுக்கு உறுப்பினர் சீட்டே கிடையாது என்று 2001 வரை விதி வைத்திருந்த சங்கம் அது! இப்படி ஒரு காட்சியை எந்த பட்ஜெட்டிலும் தயாரிக்க முடியாது.

தயாரிக்கப் பார்த்தவர்களும் உண்டு. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கத் தூதரகத்தின் பணத்தில் 'ஈகிள் ஃபோர்' என்று ஒரு போலீஸ் சாகசத் தொலைக்காட்சித் தொடரே வந்தது. திரையில் போலீஸ் பறந்து பறந்து அடித்தது. தெருவில் அதே போலீஸ் சோதனைச்சாவடியில் காசு பிடுங்கியது. ஏன் பிடுங்கியது? அதற்கு விடை 2009-இல் வர்தக் மாகாணத்தில் நடந்த ஒரு சின்னச் சோதனையில் கிடைத்தது. கொஞ்சம் காவலர்களுக்குச் சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் நேராக மொபைலில் அனுப்பினார்கள். பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் குரல் வழியாகவும் தகவல் சொல்ல ஏற்பாடு. முதல் மாதம் பணத்தைப் பார்த்தவர்கள் சம்பளம் உயர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். உயரவில்லை. இடையில் மேலதிகாரிகள் உருவிக்கொண்டிருந்த சுமார் 30 சதவீதம் இந்த முறை உருவப்படவில்லை, அவ்வளவுதான். கடுப்பான ஒரு கமாண்டர், சிம் கார்டையே என்னிடம் கொடு என்று கேட்டதும் நடந்தது. உன் சம்பளம் இவ்வளவு என்று காவலனின் காதில் சொன்ன அந்தக் குரல்தான் தகவல் தொடர்பு. அதை நாடு முழுக்கக் கொண்டு போகவில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது அந்தப் போலீஸும் போயிற்று.

வட அயர்லாந்தும் சொர்க்கமாகிவிடவில்லை. 2011-க்குப் பிறகு கத்தோலிக்கர் விகிதம் அங்கேயே நின்றுவிட்டது, 30-ஐ ஒட்டியே இருக்கிறது. 2023 ஆகஸ்டில், ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு அனுப்பிய எக்செல் கோப்பில், சுமார் 9,500 ஊழியர்களின் பெயர் விவரத்தை மறைக்க மறந்து அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடத் தன் வேலையைச் சொல்லாமல் வாழும் காவலர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அடுத்த மாதமே போலீஸ் தலைவர் பதவி விலகினார். ஒளிக்கக் கூடாததை ஒளித்து, ஒளிக்க வேண்டியதை வெளியே விடுகிற கலையில் போலீஸ் துறைகளை மிஞ்ச ஆளில்லை.

இதையெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். போர் முடிந்த இலங்கையிலும் போலீஸ் சீர்திருத்தம் பேசப்பட்டது. ஸ்காட்லாந்து போலீஸார் அங்கே வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள், கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2022-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். பயிற்சியெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2016 அக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் செத்தார்கள். போலீஸ் தரப்பிலிருந்து முதலில் வந்த செய்தி, வீதி விபத்து. பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. ஐந்து போலீஸார் கைதானார்கள். வடக்கு முழுக்கக் கடையடைப்பு நடந்தது.

சுட்டது யார் என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. தகவல் தொடர்பு மேலாளர் என்று ஒருவர் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்திருந்தால், மறுநாள் காலை அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. விபத்து என்ற அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார், யாரைக் கேட்டுச் சொன்னார், எத்தனை மணிக்கு?