விழுங்கினால் வெளியே போய்விடுமா?

பிளாஸ்டிக் செரிக்காது, அதனால் மீன் விழுங்கினாலும் கழிவோடு போய்விடும், நஞ்சு என்பதெல்லாம் மிகை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பெரும்பகுதி வெளியேறுவது உண்மைதான். ஆனால் கெடுதல் செய்ய ஒரு பொருள் உடம்பிலேயே தங்க வேண்டும் என்பதில்லை. டாப்னியா எனும் நீர்த்தெள்ளு தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும் உயிர். பாசி எது, பிளாஸ்டிக் துகள் எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. குடல் துகளால் நிரம்பியிருக்கும் நேரமெல்லாம் அதற்குப் பட்டினிதான். வளர்ச்சியும் குஞ்சு பொரிப்பும் குறைகின்றன. கண்மாயில் மீன்குஞ்சுகளுக்கு இந்த நீர்த்தெள்ளும் இரை. மிக நுண்ணிய துகள் குடலோடு நிற்பதும் இல்லை. வரிக்குதிரை மீனில் 2016-இல் வெளியான ஆய்வில் 20 மைக்ரான் துகள் செவுளிலும் குடலிலும் நின்றுவிட, 5 மைக்ரான் துகள் ஈரல்வரை போய் அழற்சியை உண்டாக்கியது.

குடலை எடுத்துவிட்டுத்தானே சமைக்கிறோம் என்பார்கள். அந்த வாதம் மீனின் நலம் பற்றியதே அல்ல. இருந்தாலும் மதுரைச் சமையலே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அயிரை மீனை யாரும் வயிறு கீறிக் கழுவுவதில்லை. உயிரோடு வாங்கி, பால் ஊற்றி மண்ணைக் கக்கவிட்டு, சட்டியில் கல்லுப்பு போட்டு உரசி, தலையோடு முழுசாகக் குழம்பில் போடுகிறோம். அடிமணலைச் சலித்து இரை தேடும் மீன் அது; துகள்களில் பல வந்து படிவதும் அந்த மணலில்தான்.

சோதனைக்கூடத்தில் கொட்டும் அளவு ஆற்றில் இல்லை என்ற வாதம் இவற்றைவிட வலுவானது, பல சோதனைகளுக்குப் பொருந்தவும் செய்யும். சில சான்றுகள் நிற்கவும் இல்லை: பிளாஸ்டிக் துகளும் பெர்ச் மீன்குஞ்சும் பற்றிய 2016 கட்டுரையை ‘சயின்ஸ்’ இதழ் மறு வருடமே திரும்பப் பெற்றது. அதை இன்னும் சான்றாகக் காட்டுவது தவறு. ஆனால் அளவு கூடிய அந்தச் சோதனைகள் பெரும்பாலும் வழவழப்பான உருண்டை மணிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. மதுரையின் கிருதுமால் ஆற்றில் சாக்கடையோடு கலப்பதோ துணி துவைத்த தண்ணீரில் கழன்று வரும் பாலியெஸ்டர் நார். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது நாரே அதிகம் கெடுத்தது. விழுங்காமலேயே நீர்த்தெள்ளின் ஓடும் உணர்கொம்பும் கோணிப்போயின.

அப்படியானால் மீன் செத்து மிதக்க வேண்டாமா என்று கேட்கலாம். எல்லா மீனும் ஒரேபோலச் சாவதில்லை. தேனி ரோடும் பைபாஸும் சந்திக்கும் மதுரை காளவாசலில் தேயும் டயர்த்தூள் மழைக்கு வாய்க்காலில் இறங்குகிறது. டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி எனும் வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருள்தான் அமெரிக்க ஓடைகளில் கோஹோ சால்மனைச் சில மணி நேரத்தில் கொல்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். சாலையிலிருந்து வழியும் அதே மழைநீரைச் சம் எனும் இன்னொரு சால்மன் இனம் தாங்கிக்கொண்டது. எதையும் தாங்கும் ஜிலேபி மீன் கண்மாயில் துள்ளுவதைக் காட்டி அயிரைக்கும் கெளுத்திக்கும் சேர்த்துச் சான்றிதழ் எழுத முடியாது.