திருப்தி என்று எழுதிய மாதங்கள்

ஒரு ஹெக்டேர் தேயிலைக்கு ஆண்டுக்கு 200 கிலோ நைதரசன் என்று வைத்துக்கொள்வோம். யூரியாவாகக் கொடுத்தால் ஏறக்குறைய 435 கிலோ, அதாவது ஒன்பது மூட்டை. நைதரசன் ஒன்றிரண்டு வீதமே உள்ள கூட்டெருவாகக் கொடுத்தால் 10 முதல் 20 தொன். அதே அளவு மூட்டையில் 200 முதல் 400. ஹற்றன் பக்கத்தில் லொறி ஏறாத மலைகளுக்கு அதை யார் முதுகில் ஏற்றுவது? இந்த இதழின் வாசகர்கள் விரல்விட்டே போடக்கூடிய கணக்கு இது. 2021 மே மாதம் நம்மில் எத்தனை பேர் அதை எழுதி மேலே அனுப்பினோம்?

அந்த மாதம் 6ஆம் திகதிதான் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வந்தது. பேசியவர்கள் இல்லாமல் இல்லை. இலங்கை விவசாயப் பொருளியல் சங்கம் ஒரே பாய்ச்சலில் சேதன முறைக்கு மாறினால் தேயிலை விளைச்சல் 35 வீதம் வரை விழலாம் என்று எச்சரித்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாக எதிர்த்தார். அந்த ஆண்டின் இறுதியில் விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகள் பறிக்கப்பட்டன. கிளைபோசேட் களைநாசினிமீது இருந்த தடையை நீக்கி நவம்பரில் வர்த்தமானி வெளியிட்ட பீடைகொல்லிப் பதிவாளரும் பதவியிழந்தார், வர்த்தமானியும் திரும்பப் பெறப்பட்டது. பசளைத் தடையை அதே நவம்பரில் அரசாங்கமே கைவிட்டது. பறித்த பதவிகளின் கதை பத்திரிகைகளில் வந்துவிட்டது. அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

பத்திரிகையில் வராதது வேறு. அந்த ஆண்டு நடுப்பகுதியில் ஒரு தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத அறிக்கையில் சேதனப் பசளை பற்றி ஒரு புதுக் கட்டம். வெளிக்கள உத்தியோகத்தர் அதில் ‘திருப்தி’ என்று எழுதினார். வெளியே வந்ததும் சொன்னார்: “சேர், எல மஞ்சளாகுதுன்னு எழுதினா, பசள இல்லன்னு வாசிக்க மாட்டாங்க. நான் வேல செய்யலன்னுதான் வாசிப்பாங்க.” அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு எந்த அமைச்சரும் உத்தரவு போடவில்லை. வாயை மூடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், துளிரே விடவில்லை, கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான், விழும் என்றார். தேயிலையில் நைதரசன் குறைவதை முதலில் காண்பது கொழுந்தெடுக்கும் கைகள்தான். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள நம் அறிக்கைகளில் அன்றும் கட்டமில்லை, இன்றும் இல்லை.

2021இன் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ, முந்தைய ஆண்டைவிட அதிகம். ‘எங்கே வீழ்ச்சி?’ என்று கேட்டார்கள். தேயிலை பல்லாண்டுச் செடி. மண்ணிலும் வேரிலும் இருக்கும் சேமிப்பைத் தின்று சில மாதம் தாங்கும். ஆண்டின் முற்பகுதி நன்றாகவும் இருந்தது. 2022இல் அது ஏறத்தாழ 251 மில்லியனாக இறங்கியது. அதில் டீசல் தட்டுப்பாட்டுக்கும் மின்வெட்டுக்கும் எவ்வளவு பங்கு, பசளைக்கு எவ்வளவு பங்கு? மலைவாரியான நேர்மையான பதிவு இருந்தால் பிரித்துக் காட்டலாம். நம்மிடம் இருப்பது ‘திருப்தி’.

இனி, நமக்கே கசக்கும் பக்கம். ரஜரட்டையின் சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்டும் கடின நீரும் காரணமாகலாம் என்று 2014இல் சன்ன ஜயசுமனவும் சகாக்களும் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது நாடு முழுவதற்குமான தடையாயிற்று. அந்தக் களைநாசினியைக் காலங்காலமாக அடித்துவந்த நம் மலைகளில் அந்த நோய் ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்லவில்லை. பிறகு புல்லு வெட்டும் செலவு ஏறியது; மாற்றாக அடித்த எம்சிபிஏயின் எச்சம் ஜப்பானில் பிடிபட்டது; 2018இல்தான் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு வந்தது. இவ்வளவும் நாம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வது.

ஆனால் 2019 பெப்ரவரியில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஜயசுமனவுக்கும் அவருடைய சகா சரத் குணதிலகவுக்கும் அறிவியல் சுதந்திர விருதை அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். மீளாய்வுக்குப் பின் சங்கம் தன் தெரிவை உறுதிசெய்தது. அந்தக் கருதுகோள் தவறு என்றே இப்போதும் நினைக்கிறேன். என் கைதட்டலும் தவறு. தவறான கருதுகோளுக்கும் அச்சேற உரிமை உண்டு, மறுப்பும் பக்கத்திலேயே அச்சேற வேண்டும். அவர்கள் எழுதியதில் குற்றமில்லை. மறுப்பு வருமுன் அதைச் சட்டமாக்கியது குற்றம். 2021இல் மறுத்தவர்களை விரட்டியதும் அதே குற்றம்தான். திசை மட்டும் வேறு.

தலவாக்கலை சென் கூம்ஸில் நூறாண்டு கண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்கு உண்டு. அது நட்டு, நிறுத்து, எழுதிவைத்ததை நம்பித்தான் நாம் பசளை போடுகிறோம். ஆனால் ஆராய்ச்சித் திடலில் திட்டமிட்டுச் செய்யவே முடியாத அளவிலான பரிசோதனை ஒன்று 2021இல் எல்லாத் தோட்டங்களிலும் தானாக நடந்தது. கையிலிருந்த பழைய மூட்டைகளை ஒரு மலைக்குப் போட்டு, பக்கத்து மலையை வெறுமனே விட்டவர்கள் உண்டு. கவ்வாத்து வெட்டிய மலைக்கு மட்டும் ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு. பயந்து யாரும் வாய்திறக்கவில்லை.

அதையெல்லாம் தமக்கென்று குறித்துவைத்த கொப்பிகள் கறையான் அரிக்குமுன் எங்களுக்கு வேண்டும். 2021 மே முதல் 2022 டிசம்பர் வரை, மலைவாரியாகக் கொழுந்து எடை, போட்ட பசளை, கவ்வாத்து வெட்டிய ஆண்டு, மழை: இவற்றில் உங்களிடம் உள்ளதை, கையெழுத்துப் பிரதியாகவே அனுப்புங்கள். கங்காணிமாரும் கொழுந்தெடுத்தவர்களும் சொன்னது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். பசளைத் தடை சரி என்று காட்டும் பதிவாக இருந்தாலும் போடுவோம். பெயரும் தோட்டமும் வெளிவராது.