சோப்பு நுரைக்காத ஊர்கள்

மேடவாக்கத்திலோ சேலையூரிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் அட்வான்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கேட்பது, "தண்ணி எப்படிங்க?" என்றுதான். "அதுக்குப் பஞ்சமே இல்ல, எப்பவும் வரும்" என்பார் வீட்டுக்காரர். கேட்டதற்கு அது பதில் அல்ல என்று இருவருக்குமே தெரியும். வந்தவர் குளியலறைக்குள் எட்டிப் பார்ப்பார். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு, உட்புறம் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒரு பக்கெட், பாதித் துளைகள் அடைபட்ட ஷவர். ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை.

சென்னையின் தென்புறநகரில் ஏராளமான வீடுகள் நம்பியிருப்பது போர் தண்ணீரைத்தான். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த அந்தக் கடினநீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு லேசில் வேகாது. கீசர் காயிலில் உப்பு ஏறி ஆயுளுக்கு முன்பே செத்துப்போகும். ஆகவே குடிக்க 20 லிட்டர் கேன், சமைக்க ஆர்.ஓ., குளிக்க சாஃப்ட்னர், கோடையில் லாரி. ஒரே வீட்டுக்கு நாலு வகைத் தண்ணீர். இதையெல்லாம் கரன்ட் பில் மாதிரி மாதச் செலவாகவே ஏற்றுக்கொள்ள மக்கள் பழகிவிட்டார்கள். உள்ளாட்சி அமைப்புகளுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தருகிறது. புறநகரில் அந்தச் சலுகையே சட்டமாகிவிட்டது. 550 வந்தாலும் 'லிமிட்டுக்குள்தான்' என்று சொல்லிவிடலாம். 'வேறு ஆதாரம் இல்லாதபோது' என்ற நிபந்தனையை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

வேறு ஆதாரம் உண்மையிலேயே இல்லையா? நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நெம்மேலியில் 2013-இல் வந்தது. 2024 பிப்ரவரியில் அதனருகே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறக்கப்பட்டது. பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எல்லாமே இந்தப் புறநகரின் கொல்லைப்புறத்தில். 2011-இல் 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன; 2021-இல் தாம்பரமும் மாநகராட்சியானது. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் குழாய் நீளவில்லை. ஆலை இருக்கும்வரை 600 என்ற சலுகைக்கு இந்த ஊர்களில் இடமில்லை என்பதே நம் கருத்து.

கடல்நீர் மட்டுமே மருந்து என்று சொல்லவில்லை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் தின்னும் தண்ணீர் அது; நெம்மேலியை ஒட்டிய மீனவர்கள் கரை அரிப்பைச் சொல்லி முறையிட்டும் வந்திருக்கிறார்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளில் சாக்கடை கலக்காமல் காத்து, 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழிகளைத் தூர்வாரினாலே சுற்றுவட்டார போர்களில் உப்பு இறங்கும்.

இந்த நிர்வாகச் சோம்பலில் கொழிப்பவர்கள் உண்டு. வாசலில் வந்து நிற்கும் ஆர்.ஓ. விற்பனையாளர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை மேஜைமேல் வைக்கிறார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்தது. இரண்டு ஜோடிக் கம்பிகளை இறக்கி ஸ்விட்சைத் தட்டுகிறார். இரண்டே நிமிடத்தில் நம் தண்ணீர் சாக்கடை நிறமாகிறது. அவருடையது பளிங்காக நிற்கிறது. வீட்டம்மா முகம் வெளிறிப்போகிறது. உண்மையில் அந்தப் பழுப்பு, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புள்ள நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், கம்பி கரையும். உப்பு நீக்கிய நீரில் பாயாது. அவ்வளவுதான் வித்தை.

கடினநீர் நஞ்சல்ல. உலக சுகாதார நிறுவனம் அதற்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. அஞ்ச வேண்டியது வேறு. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் ஒரே மனைக்குள் செப்டிக் டேங்கும் போரும் அருகருகே இருக்கின்றன. அங்கே கசியும் நைட்ரேட்டையும் கிருமியையும் விற்பனையாளரின் பேனா மீட்டர் இனம் காட்டாது. மின்கடத்தலை அளந்து மொத்த உப்பைக் கணித்துச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டு ஆர்.ஓ.வோ ஒரு குடம் தருவதற்கு மூன்று குடம் வரை கழிக்கிறது. கழித்த உப்புநீர் போவதும் பல வீடுகளில் அதே மண்ணுக்குத்தான்.

எனவே முதல் வேலை கணக்கைத் திறந்து வைப்பது. கடினத்தன்மை, மொத்த உப்பு, நைட்ரேட், கோலிஃபார்ம் என்ற நான்கையும் மாதம் ஒருமுறை வார்டுவாரியாகச் சோதித்து, வார்டு அலுவலக வாசலில் எழுதிப் போடட்டும். ரேஷன் கடையில் அரிசி, பருப்பு இருப்பைப் பலகையில் எழுதும் அரசுக்கு இது பெரிய காரியமல்ல. லாரிகள் எங்கிருந்து உறிஞ்சுகின்றன என்பதும் அதே பலகையில் வரட்டும். நிலத்தடி நீரை எடுக்கவும் ஏற்றிச் செல்லவும் உரிமம் கேட்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கையில்தான் இருக்கிறது. பேரூர்த் தண்ணீர் முதலில் எந்தத் தெருவுக்கு என்று வரைபடத்தில் கோடு போடும்போது அதிகாரிகள் அந்தப் பலகைகளைப் பார்க்கட்டும், அடுக்குமாடி விளம்பரங்களை அல்ல.